சாமி அலுமாரிக்குள் இடியப்பம்

பாம்பை நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகு பன்னிரண்டு நாட்கள் அதை ஒளித்து வைத்திருந்தேன். என் மகள் வீடு முழுவதும் தவழ்ந்து தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. கட்டிய கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களை எனக்குத் தெரியாது என்பதுதான் காரணம். நாளைக்குச் சிட்னியில், செவன் ஹில்ஸ் பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது நீங்கள் எனக்குப் பக்கத்தில் நின்றாலும், இவள்தான் அவள் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். பெற்ற பெண் ஒருத்தி, ஒரே ஒருத்தி, இருபத்துநான்கு வயதில் வீட்டுக்குள் பாம்பு வளர்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பூனை கேட்டாள், எனக்கு மயிர் ஒத்துவராது என்றேன். நாய் கேட்டாள், யார் நடத்திக்கொண்டு போவது என்றேன். அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்... அவள் யாருடைய மகள்! மயிரும் இல்லாத, நடத்தவும் தேவையில்லாத ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டு வந்தாள். ஒரு மீற்றர் நீளம், என் பெருவிரல் தடிப்பு, மண்ணிறத்தில் புள்ளிகள். மலைப்பாம்புச் சாதிதானாம், ஆனால் அதில் குள்ளமான வகையாம். விஷமில்லையாம். அரசாங்கத்தின் லைசன்ஸும் இருக்கிறதாம். நான் கார் லைசன்ஸ் எடுக்க மூன்று முறை சோதனைக்குப் போனவள். இவள் பாம்புக்கு ஒரே நாளில் எடுத்துவிட்டாள்!

அதற்கு இடியப்பம் என்று பெயர் வேறு வைத்தாள். சுருண்டு படுத்தால் இடியப்பம் மாதிரி இருக்கிறதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடியப்பம் அவித்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. இவர் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சொதி ஊற்றி ஊற்றிச் சாப்பிடுவார். இவர் என்றால் என் கணவர். எதற்கும் அசையாத மனிதர்.

அதன் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். மீன் இருக்கும், இல்லையென்றால் அரைத்த தேங்காய்ப்பூ இருக்கும். எங்கள் வீட்டில் உறைந்த எலிகள் இருந்தன! ஒரு வெள்ளிக்கிழமை, நான் விரதம் இருக்கும் வெள்ளிக்கிழமை, கறிவேப்பிலை என்று நினைத்து அந்தப் பெட்டியைத் திறந்தேன். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

சரி. நடந்ததற்கு வருகிறேன்.

தாரணி, அதுதான் என் மகள், மிருகங்களைப் பராமரிக்கும் தாதியாகப் படித்தவள். மனிதருக்குத் தாதியாகப் படி என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. படிப்பு முடிய மெல்பேர்ணில் ஒரு மிருக வைத்தியசாலையில் வேலை கிடைத்தது. சிட்னியில் மிருகங்களே இல்லையா? பரமட்டாவில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மிருக வைத்தியசாலை இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்த்தாயா என்றால், "அம்மா, இட்ஸ் நொட் த சேம்" என்றாள். என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை... இல்லை, பொய். விளங்கியது. அங்கே நான் இல்லை. அதுதான் வித்தியாசம்.

நான் அழுது வடிகிற தாய் இல்லை. போ என்றுதான் சொன்னேன். அவளுக்குப் புதுப் போர்வை வாங்கினேன், மிளகாய்த்தூள் வறுத்துக் கட்டினேன், அரிசிமா வறுத்து அரித்துப் போத்தலில் அடைத்தேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அவள் போனால் இந்த வீட்டில் நானும் இவரும் இவருடைய கிரிக்கெட்டும்தான் மிஞ்சும் என்ற பயம். இருபத்துநான்கு வருடமாக நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாம்பும் அவளோடு போவதாக இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக அதற்குத் தனியாக அனுமதிக் கடிதம் எடுத்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை காரில் புறப்பட்டு, திங்கட்கிழமை வேலையில் சேருவதாக ஏற்பாடு.

இந்தச் சனிக்கிழமை பாம்பைக் காணவில்லை!

பயணத்துக்கென்று வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிக்கு அதை மாற்றியிருக்கிறாள். மூடியின் இரண்டு பக்கமும் கிளிப் இருக்கிறது. ஒன்றைப் பூட்டிவிட்டு, யாரோ தொலைபேசியில் கூப்பிட, மற்றதைப் பூட்டாமல் எழுந்து போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது பெட்டி மட்டும் இருந்தது.

நான் கதிரையில் ஏறி நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, கத்தாதீங்கோ! அவன் ஸ்ட்ரெஸ் ஆகிடுவான்" என்றாள் தாரணி.

அவன் ஸ்ட்ரெஸ் ஆகிவிடுவானாம். நான்?

தேடத் தொடங்கினாள். சோபாவைக் கவிழ்த்தாள். சலவை இயந்திரத்தை இழுத்தாள். குசினியில் அலுமாரிகளின் அடிப்பலகையைக் கழற்றினாள். அறைக்கு ஒரு கிண்ணம் என்று நிலமெல்லாம் தண்ணீர் வைத்தாள். அதிலெல்லாம் கால் வைத்துக் கொட்டியது இவர். பிறகு இணையத்தில் எதையோ வாசித்துவிட்டு, பாம்பு ஊர்ந்தால் தடம் தெரியவேண்டும் என்று தரையெல்லாம் மா தூவினாள். எந்த மா என்று கேளுங்கள்... நான் நின்று நின்று வறுத்து அரித்த அரிசிமா! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

வீட்டில் அவள் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான். சாமி அலுமாரி.

எங்கள் நடையில் போர்வை அடுக்குவதற்கென்று சுவருக்குள் கட்டிய அலுமாரி ஒன்று இருந்தது. அதைத்தான் நான் சாமிக்கு ஒதுக்கியிருந்தேன். அந்தக் கிழமை அது பூட்டிக் கிடந்தது. இவருடைய சித்தப்பா ரொறன்ரோவில் காலமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளும் முடிந்து, வீடு கழுவி, முழுகிய பிறகுதான் சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கலாம். அதுவரை அந்தக் கதவைத் திறக்கக்கூடாது.

"அம்மா, சாமி அலுமாரிய ஒருக்காப் பாப்பமே?" என்று முதல் நாளே கேட்டாள்.

"உனக்கென்ன விசரே? துடக்கு வீட்டில சாமி அலுமாரி திறக்கிறதே? முப்பத்தொண்டு முடியட்டும். கதவு பூட்டித்தானே கிடக்கு, பாம்பு திறப்புப் போட்டே உள்ள போகும்?"

அன்றைக்கு நான் சொன்னது உண்மை. மனதார நம்பித்தான் சொன்னேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்... எனக்காகச் சொல்ல இருக்கிற ஒரே விடயம் இதுதான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லாத நாள். இவர் வேலைக்குப் போயிருந்தார். தாரணி தெருத்தெருவாகப் பாம்பின் படம் போட்ட தாள் ஒட்டப் போயிருந்தாள். சாமி அலுமாரிக்குள் ஒரு சின்ன மின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். துடக்குக்கு அதை அணைத்திருக்க வேண்டும். நான் அணைக்கவில்லை. சாமியை முப்பத்தொரு நாள் இருட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு என்னவோ உறுத்தியது. மகள் தெருத்தெருவாக அலைகிறாளே, இந்த விளக்கினால்தான் குற்றம் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். அணைத்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன்.

முருகன் படத்துக்குப் பின்னால், விளக்கின் சூட்டில், இடியப்பம் சுருண்டு படுத்திருந்தது!

விளக்கின் வயர் போவதற்காகப் பின்பலகையில் இவர் ஒரு ஓட்டை போட்டிருந்தார். அதன் வழியாக வந்திருக்கிறது. தலையைச் சற்றே தூக்கி என்னைப் பார்த்தது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

கைத்தொலைபேசியை எடுத்தேன். தாரணியின் பெயரைத் தேடினேன். சத்தியமாக எடுத்தேன்!

அப்போதுதான் காலையில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மெல்பேர்ணுக்குப் பேசிவிட்டாளாம். ஒரு கிழமை தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். "அவனை விட்டுட்டு நான் போகமாட்டன்" என்று தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சொன்னாள். ஒரு கிழமை. இந்தப் பாம்பு கிடைக்காவிட்டால் ஒரு கிழமை அவள் என்னோடு இருப்பாள். கிடைத்துவிட்டால் சனிக்கிழமை போய்விடுவாள்.

நான் நெடுநேரம் யோசித்தேன் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. கதவைச் சாத்தினேன். சுற்றிப் போய், பக்கத்து அறையில் சுவரோரமாக அந்த வயர் வெளியே வரும் துவாரத்தில் ஒரு பழைய சட்டைத் துணியைத் திணித்தேன். பாம்பு வெளியே வராதபடிக்கு இறுக்கித் திணித்தேன். பிறகு போய்ப் பருப்பைக் கழுவினேன்.

ஒரு கிழமைதானே... என்று எத்தனை தரம் எனக்குள் சொன்னேன்!

இப்போது என் நிலையைப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் மண்புழுவைக் கண்டாலே ஓடுகிறவள் நான். அந்த நான், துடக்கு வீட்டில், சாமி அலுமாரிக்குள், களவாக ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறேன்! இது யாருக்காவது நடக்கிற கதையா?

அதற்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எலியை எடுத்துச் சாமிக்கு முன்னால் வைக்க என்னால் முடியாது. செத்தாலும் முடியாது. அப்போது பார்த்து ராணி அக்கா தொலைபேசியில் வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர், எனக்கு மூத்தவர். பாம்பு காணாமல் போன செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"அது பாம்பில்லையடி, நாகதம்பிரான். வீட்டுக்கை எங்கயோ இருக்கிறார். ஒரு கிண்ணத்தில பால் வை. குடிச்சிட்டுத் தன்ர பாட்டில வெளிக்கிடுவார்."

"ஓம் அக்கா" என்றேன்.

ஊர்க் கோயிலில் நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாம்புக்குப் பால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பாம்பு வீட்டுக்கு வந்த முதல் மாதமே தாரணி எனக்குச் சொல்லியிருந்தாள்: "அம்மா, பாம்பு பால் குடிக்காது. வேற வழியில்லாமக் குடிச்சா வருத்தம்தான் வரும். தண்ணிதான் வேணும்." நான் சிரித்தேன். நாகதம்பிரான் என்ன குடிப்பார் என்று நீ எனக்குப் படிப்பிக்கிறாயா என்று கேட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமுடியாதபடி அவள் எனக்குச் சொல்லித்தான் இருந்தாள்.

ஒவ்வொரு காலையும், அவள் குளிக்கும் நேரம் பார்த்து, சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் பால் ஊற்றிக் கதவை ஒரு சாண் திறந்து உள்ளே தள்ளுவேன். மறுநாள் பார்த்தால் பால் குறைந்திருக்கும். பார், குடிக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. வெற்றி பெற்றது போல ஒரு திருப்தி! படித்தவளைவிட எனக்குத் தெரியும் என்று...

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, தாரணி நடையில் நின்றாள். ஆடி மாதம், இங்கே கடுங்குளிர். சிட்னியில் வீடுகளைக் காகிதத்தில் கட்டியிருக்கிறார்கள், வெளியே குளிர்ந்தால் உள்ளேயும் அதே குளிர். அவள் இரண்டு மேற்சட்டை போட்டிருந்தாள். கதவிடுக்கில் தெரிந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உள்ள லைட் எரியுது. ஹீட் இருக்கும். அவன் சூடு தேடித்தான் போவான். ப்ளீஸ் அம்மா, ஒருக்காத் திறப்பம். நான் சாமியத் தொடமாட்டன்."

ப்ளீஸ் என்றாள். என் மகள் என்னிடம் ப்ளீஸ் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

"துடக்கெண்டு எத்தனை தரம் சொல்லுறது? சித்தப்பாவின்ர ஆத்மா சாந்தியடைய வேண்டாமே? நான் முந்தநாள் வேற விஷயமாத் திறந்து பாத்தனான், அங்க ஒண்டும் இல்லை" என்றேன்.

ஒரே மூச்சில் சொன்னதில் எத்தனை பொய் என்று பாருங்கள். திறக்கவே கூடாது என்கிறேன், திறந்தேன் என்கிறேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா சாமி விடயத்தில் பொய் சொல்வாள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? ரொறன்ரோவில் செத்துப்போன அந்த நல்ல மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அவள் போனதும் நான் அந்த விளக்கை அணைத்தேன். வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் கேட்பாளே என்று அணைத்தேன். குளிரில் பாம்புக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஊர் வெயிலில் பிறந்த எனக்கு, பாம்புக்கும் குளிரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம், ஆனால் அதுவும் பொய். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அதன் பெட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டுப் பாயைப் பார்த்து, எனக்கில்லாத வசதி பாம்புக்கு என்று புறுபுறுத்திருந்தேன்!

அந்தக் கிழமையில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. ஆம், சந்தோஷமாக! தாரணி வீட்டிலேயே இருந்தாள். தேடிக் களைத்தால் குசினிக்கு வந்து என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தாள். என்னிடம் பேசினாள். பாம்பைப் பற்றித்தான் பேசினாள், ஆனாலும் பேசினாள். நான் அவள் தலையில் எண்ணெய் வைத்தேன், தடுக்கவில்லை. கிடைத்துவிடும் பிள்ளை என்று ஆறுதல் சொன்னேன். அலுமாரியைப் பூட்டிய திறப்பு என் இடுப்பில் இருந்தது.

இரண்டாவது கிழமை மெல்பேர்ணிலிருந்து மறுபடி பேசினார்கள். வருகிற திங்களும் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் இருந்தாள். இவர்கூடக் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"பாம்பெண்டால் வெளியில போயிருக்கும் மகள். வேலையை விடாத" என்றார்.

அவர் சொன்னது நியாயம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளைக்கு மனசு கேக்காட்டி நிண்டு தேடட்டும். வேலை இஞ்சையும் கிடைக்கும்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பாம்பின் பக்கம் பேசினேன். தாரணி நன்றியோடு என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை என்ற பேச்சை நான் எனக்குள்ளும் பேசவில்லை. திங்கள் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் நான். வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை கதவைத் திறந்தேன். வழக்கமாகச் சுருண்டிருக்கும் பாம்பு நீட்டிப் படுத்திருந்தது. தோல் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. ஓரத்தில் நுரை. மூச்சு இழுக்கும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம் கேட்டது. முதல் நாளின் பால் புளித்து மணத்தது.

பன்னிரண்டு நாளில் அன்றைக்குத்தான் நான் அதைத் தொட்டேன். தலையணை உறையைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கினேன். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த இலை போல இருந்தது. சில்லென்று இருந்தது. அது என் கையைச் சுற்றவில்லை. சுற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது!

வாயோரத்தைத் துடைத்தேன். பாலின் தடம் தெரியக்கூடாதே! அந்த நேரத்திலும் என் மூளை அதைத்தான் யோசித்தது. சலவை அறைக்குக் கொண்டுபோய், இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். கை கழுவினேன். பிறகு கூப்பிட்டேன்.

"தாரணி! இஞ்ச ஓடி வா! உன்ர பாம்பு!"

ஓடி வந்தாள். அதை அள்ளி நெஞ்சோடு அணைத்து, மேற்சட்டைக்குள் விட்டுச் சூடேற்றினாள். மற்றக் கையால் என்னைக் கட்டிப் பிடித்தாள். "தாங்க்ஸ் அம்மா, தாங்க்ஸ்" என்று என் தோளில் அழுதாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பாம்பு இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் மிருக வைத்தியரிடம் வைத்திருந்து பார்த்தார்கள். நெஞ்சுச் சளியாம். குளிரினாலும் பல நாள் தண்ணீர் இல்லாததாலும் வந்ததாம். செவ்வாய்க்கிழமை செத்துவிட்டது.

"நான் எல்லா ரூமிலயும் தண்ணி வச்சனான் அம்மா. ஒரு ரூம் மிச்சம் விடேல்ல. எப்பிடி அம்மா அவனுக்குத் தண்ணி கிடைக்காமப் போனது?"

"கவலைப்படாத பிள்ளை" என்றேன்.

"என்ர கிளிப்தான் அவனைச் சாகடிச்சது" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். நீ செய்தது மூன்று நாள் பிழை, சாதாரணப் பிழை, அந்தப் பாம்பு செவ்வாய்க்கிழமையே நலமாகக் கிடைத்துவிட்டது, மிச்சமெல்லாம் உன் அம்மா செய்தது... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்கு இப்போது சொல்லிவிட்டேனே! அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவள் போய்விடுவாள் என்று பயந்தேன்.

சொல்லாமலேயே போய்விட்டாள்! இதை நினைத்தால் எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போல வருகிறது. பாம்பும் செத்தபின் அவளைப் பிடித்து வைக்க என்ன இருந்தது? அந்த வெள்ளிக்கிழமையே காரில் ஏறிவிட்டாள். தாதி வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். முன்மேசையில் தொலைபேசி எடுக்கும் வேலை கொடுத்தார்கள். போதும் என்று ஏற்றுக்கொண்டாள். இரண்டு வருடமாகிறது. நடுவில் தாதி இடம் இரண்டு தரம் வந்ததாம், வேண்டாம் என்றாளாம். கிளிப்பைப் பூட்டத் தெரியாதவளிடம் யாருடைய உயிரையும் கொடுக்கக்கூடாது என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். தொலைபேசியில் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு நான் அடுப்பில் கறியைத் தீய்த்தேன்.

துடக்கு முடிந்து வீடு கழுவிய அன்று, சாமி அலுமாரியின் பலகையில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. பால் ஊறிக் காய்ந்த வட்டம். தேய்த்தேன், போகவில்லை. முருகன் படத்தை அதன்மேல் நகர்த்தி வைத்தேன். இவர் கேட்டார், படம் ஏன் ஒரு பக்கமாக இருக்கிறது என்று. உங்கட கிரிக்கெட்டைப் பாருங்கோ என்றேன். பிராயச்சித்தம் கேட்க ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு மூன்று தரம் காரோட்டிப் போனேன். மூன்று தரமும் அர்ச்சனைக்குத் தாரணியின் பெயரையும் நட்சத்திரத்தையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். என் பெயரைக் கொடுக்க வாய் வரவில்லை.

போன மாதம் மெல்பேர்ணுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. செடிகூட இல்லை. ஒரு செடியாவது வையேன் என்றதற்கு, "காஞ்சு போனா?" என்று கேட்டாள்.

வெளியே போகப் புறப்பட்டோம். கதவைப் பூட்டினாள். கைப்பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் பூட்டைப் படம் பிடித்தாள். ஏன் என்று கேட்டேன். போகிற வழியில் சந்தேகம் வருமாம், அப்போது பார்ப்பதற்காம். திரையை விரலால் தள்ளிக் காட்டினாள். பூட்டு, பூட்டு, அடுப்புத் திருகி, ஜன்னல் கொளுக்கி, பூட்டு... வேறு படமே இல்லை. என் மகளின் தொலைபேசியில் ஒரு மனிதரின் முகம்கூட இல்லை!

படியில் பாதி இறங்கியதும் நின்றாள்.

"அம்மா, நான் பூட்டினனான் தானே? நீங்கள் பாத்தனீங்கள் தானே?"

"ஓம் பிள்ளை. பூட்டினனி. நான் பாத்தனான்."

அது உண்மை. அவள் உடனே நம்பினாள். அம்மா பார்த்திருக்கிறாள் என்றதும் அவள் தோள் இரண்டும் இறங்கியதை நான் பின்னால் நின்று பார்த்தேன். அந்தக் கணத்தில் மற்றதையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"பஸ் வரப்போகுது, கெதியா நட" என்றேன்.